ஞாயித்துக்கிழமை கடை வேலை, கடை நேரம்: எல்லாரும் கேக்குற கேள்விகள் (இங்கிலாந்து, வேல்ஸ்)

எங்க பிள்ளைங்க போற தமிழ் ஸ்கூல் தெற்கு லண்டன்ல ஞாயித்துக்கிழமை காலைலதான் நடக்குது. பிள்ளைங்கள உள்ள விட்டுட்டு வெளிய நிக்கிறப்ப பாத்தா பாதிப் பேருக்கு அப்பா இருக்க மாட்டாரு, இல்ல அம்மா இருக்க மாட்டாங்க, கேட்டா "டியூட்டி"ம்பாங்க. சூப்பர்மார்க்கெட், பெட்ரோல் ஸ்டேஷன், தெருமுனைக் கடை, பெட்டிங் ஷாப் (பந்தயம் கட்டுற கடை)னு நம்ம ஆளுங்க வேலை பாக்குற இடம் எல்லாம் ஞாயிறு தொறந்திருக்குற இடம்தான். நானும் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்ல ஒம்பது வருஷம் டில்ல (பணம் வாங்குற கவுண்டர்ல) இருந்தேன். வக்கீல் இல்ல. ஆனா இந்த விஷயத்துல நான் பட்ட அவதிக்கு அப்புறம் சட்டத்தை உக்காந்து படிச்சேன், அதுலேர்ந்து கேக்குறவங்களுக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன், அதே கேள்வியே திரும்பத் திரும்ப வர்றதால எல்லாத்தையும் இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். கேள்விகள அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் பெரிய கடையெல்லாம் நாலு மணிக்கே மூடுறாங்க? ஊருக்கு புதுசு, தெரியாமதான் கேக்குறேன்

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 1994ல வந்த சண்டே ட்ரேடிங் சட்டம்தான் காரணம். 280 சதுர மீட்டருக்கு மேல இருக்குற கடை ஞாயிறு அன்னிக்கு காலை 10 மணிலேர்ந்து சாயங்காலம் 6 மணிக்குள்ள தொடர்ச்சியா 6 மணி நேரம்தான் தொறக்கலாம். எந்த ஆறு மணி நேரம்ங்கிறது கடைக்காரங்க இஷ்டம், அதான் ஒரு கடை 10 டு 4, இன்னொண்ணு 11 டு 5, வேற ஒண்ணு 12 டு 6ன்னு வச்சிருக்காங்க. நடுவுல மூடிட்டு மறுபடி தொறக்குறதுக்கெல்லாம் வழியில்ல. அந்த நேரத்தை கடைக்கு உள்ளயும் வெளியயும் நல்லாத் தெரியுற மாதிரி எழுதி ஒட்டணும்.

ஈஸ்டர் ஞாயிறு அன்னிக்கு பெரிய கடை தொறக்கவே கூடாது. கிறிஸ்துமஸ் அன்னிக்கும் அப்படித்தான், அது எந்தக் கிழமைல வந்தாலும் சரி, 2004ல அதுக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டாங்க. குட் ஃப்ரைடேக்கு இந்தத் தடை கிடையாது, நிறைய பேரு அதையும் இதையும் குழப்பிக்கிறாங்க.

அப்ப எங்க தெருல இருக்குற சின்ன கடை மட்டும் ராத்திரி 11 வரைக்கும் எப்படி தொறந்திருக்கு?

280 சதுர மீட்டர் வரைக்கும் இருந்தா அது சின்ன கடை, எந்த நேரத் தடையும் இல்ல, ஈஸ்டர் அன்னிக்கும் கிறிஸ்துமஸ் அன்னிக்கும் கூட தொறக்கலாம். 280ன்னா சுமார் 3,000 சதுர அடி, கண்ணால அளவு புரியணும்னா மூணரை பேட்மின்டன் கோர்ட் போட்ட மாதிரி. பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனிங்க தெருவுக்குத் தெரு எக்ஸ்பிரஸ், லோக்கல்னு குட்டிக் கடை போடுறப்ப இந்த அளவுக்குள்ளயே கட்டுறதுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

பெரிசா இருந்தாலும் விலக்கு இருக்குற இடங்களும் உண்டு: ஏர்போர்ட் கடை, ரயில்வே ஸ்டேஷன் கடை, பெட்ரோல் ஸ்டேஷன், மோட்டார்வே சர்வீஸ், தன் விளைச்சலையே முக்கியமா விக்கிற பண்ணைக் கடை, முக்கியமா மது மட்டும் விக்கிற ஆஃப் லைசன்ஸ், மருந்து மட்டும் விக்கிற ஃபார்மஸி, கார் சைக்கிள் சாமான் கடை. சனிக்கிழமை ஓய்வுநாள் அனுசரிக்கிற யூதர்கள் நடத்துற பெரிய கடை, கவுன்சிலுக்கு முறையா தெரிவிச்சு சனிக்கிழமை மூடிட்டா ஞாயிறு முழுக்க தொறக்கலாம்.

பத்து மணிக்குத்தான் தொறக்கணும்னா ஒம்பதரைக்கே ஆளுங்கள உள்ள விடுறாங்களே, அது தப்பில்லையா?

சட்டம் தடுக்குறது வியாபாரத்தை. உள்ள நடந்து பாக்கலாம், கூடைல எடுத்து வச்சுக்கலாம், டில் மட்டும் பத்து மணிக்கு முன்னாடி ஓடக் கூடாதுன்னு கடைங்க அதுக்கு அர்த்தம் பண்ணிக்கிறாங்க. பெரும்பாலான பெரிய கடைல இது வழக்கமாவே ஆகிடுச்சு.

ஆனா வேலை பாக்குற நம்ம பக்கத்துலேர்ந்து பாத்தா, பத்து டு நாலு கடைன்னா நமக்கு ஷிஃப்ட் எட்டு மணிக்கே ஆரம்பிச்சு அஞ்சு மணிக்கு முடியும். ஷெல்ஃப் நிரப்பணும், ப்ரெட் அடுக்கணும், மூடினப்புறம் கணக்கு பாக்கணும். "ஞாயிறு ஆறு மணி நேரந்தானே"ன்னு வெளிலேர்ந்து பேசுறவங்களுக்கு இது தெரியறதில்ல.

சின்ன கடைக்கு சட்டம் இல்லன்னா, சின்ன கடைல வேலை பாக்குற எனக்கும் ஞாயிறு மறுக்குற உரிமை கிடையாதுதானே?

அப்படி இல்லவே இல்ல, உங்களுக்கும் உரிமை உண்டு. என்கிட்ட கேக்குற சந்தேகங்கள்லயே அதிகமா வர்றது இதுதான், நிறைய பேரை முடக்கிப் போட்டிருக்குறதும் இதுதான். ரெண்டும் வேற வேற விஷயம். கடை எத்தனை மணி நேரம் தொறக்கலாம்ங்கிறது கடையோட அளவைப் பொறுத்தது. தொழிலாளி ஞாயிறு வேலையை மறுக்கலாமாங்கிறது அளவைப் பொறுத்தது இல்ல. அந்த உரிமை முதல்ல 1994 சட்டத்துலேயே கூட சேந்து வந்துச்சு, அப்புறம் 1996 எம்ப்ளாய்மெண்ட் ரைட்ஸ் சட்டத்துக்குள்ள கொண்டு போயிட்டாங்க. ரெண்டு பேரு வேலை பாக்குற மூலைக் கடையா இருந்தாலும், இருநூறு பேரு வேலை பாக்குற சூப்பர்மார்க்கெட்டா இருந்தாலும் உரிமை ஒண்ணுதான்.

அக்கா, நான் பெட்ரோல் ஸ்டேஷனில நிக்கிறன். ஞாயிறு ஏலாதெண்டு சொன்னா வேலையால நிப்பாட்டிப் போடுவினமோ?

பெட்ரோல் ஸ்டேஷனுக்கு விலக்கு இருக்குறது நேரக் கட்டுப்பாட்டுலேர்ந்து மட்டும்தான் தம்பி, உங்க உரிமைலேர்ந்து இல்ல. அங்க நடக்குறதும் சில்லறை வியாபாரந்தான், நீங்களும் சட்டம் சொல்ற ஷாப் வொர்க்கர், அதாவது கடைத் தொழிலாளிதான். முறைப்படி எழுதிக் குடுத்து, நோட்டீஸ் காலம் (எவ்வளவுன்னு கீழ சொல்றேன்) முடிஞ்சப்புறம் ஞாயிறு வர மாட்டேன்னு சொன்னதுக்காக வேலைய விட்டு எடுத்தா, சட்டப்படி அது தானாவே அநியாய டிஸ்மிஸல். வேலைக்குச் சேந்து இத்தனை வருஷம் ஆகியிருக்கணும்ங்கிற கணக்கெல்லாம் இதுக்கு கிடையாது, மூணு வாரத்துக்கு முன்னாடி சேந்திருந்தாலும் பொருந்தும். லெட்டர் குடுத்ததுக்காகவோ, குடுக்கப் போறேன்னு சொன்னதுக்காகவோ எடுத்தாலும் அதே கதைதான். ஆள் குறைப்பு பண்றப்ப இதைக் காரணமா வச்சு உங்க பேரை லிஸ்ட்ல சேத்தாலும் அப்படித்தான்.

முக்கியமான வார்த்தை "முறைப்படி"ங்கிறது, அடுத்த கேள்விய கண்டிப்பா படிங்க.

மேனேஜர்கிட்ட வாயால சொல்லிட்டேன், அவரும் சரின்னாரு. போதும்தானே?

போதாது. நான் மாட்டிக்கிட்டது இங்கதான். என் பெரிய பொண்ணு தமிழ் ஸ்கூல் சேந்த வருஷம் எங்க மேனேஜர்கிட்ட போய் சொன்னேன், "ஓகே ஓகே, பாத்துக்கலாம்"னாரு, நாலு வாரம் ரோட்டால (யாருக்கு எப்ப ஷிஃப்ட்னு போடுற பட்டியல்) ஞாயிறு இல்ல, அஞ்சாவது வாரம் அவரு வேற கிளைக்கு மாறிப் போயிட்டாரு, புது மேனேஜர் வந்தவுடனே மறுபடி எல்லா ஞாயிறும் போட்டாங்க. நான் சொன்னதுக்கு எங்கயும் ஒரு துண்டு பேப்பர் கிடையாது. அப்பத்தான் லெட்டர் குடுத்தேன், அன்னிலேர்ந்துதான் கணக்கு ஓட ஆரம்பிச்சுது. மொத்தமா நாலு மாசத்துக்கும் மேல போச்சு, அந்த வருஷம் பொண்ணோட ஆண்டு விழாவுக்கு நான் போகல.

சட்டம் கேக்குறது மூணே விஷயம். எழுத்துல இருக்கணும், உங்க கையெழுத்து இருக்கணும், தேதி இருக்கணும். உள்ள என்ன எழுதணும்னா, பேரு, ஸ்டாஃப் நம்பர் போட்டு "ஐ அப்ஜெக்ட் டு சண்டே வொர்க்கிங்"ங்கிற ஒரு வரி தெளிவா இருந்தா போதும். காரணம் எழுத வேண்டிய அவசியமே இல்ல. "முடிஞ்சா ஞாயிறு தராம இருக்க முடியுமா"ன்னு கெஞ்சுற மாதிரி எழுதினா அது வேண்டுகோளாப் போயிடும், ஆட்சேபம்னு நேரா எழுதுங்க. பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு, போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, கைல குடுங்க, அதே போட்டோவ ஹெச்ஆருக்கு ஈமெயிலும் போட்டு விடுங்க. பின்னாடி "எங்களுக்கு வரவே இல்ல"ன்னு யாரும் சொல்ல முடியாது.

லெட்டர் குடுத்தா அடுத்த ஞாயிறுலேர்ந்தே வீட்ல இருக்கலாமா?

இல்ல, 3 மாச நோட்டீஸ் இருக்கு. மார்ச் 1 அன்னிக்கு குடுத்தீங்கன்னா ஜூன் 1லேர்ந்து உங்க ஞாயிறு உங்களோடது. அந்த மூணு மாசத்துல கான்ட்ராக்ட்ல ஞாயிறு இருந்தா, ரோட்டால போட்டா, போய்த்தான் ஆகணும். அந்தக் காலத்துல வராம இருந்துட்டு "லெட்டர் குடுத்தேனே"ன்னு சொன்னா அது நமக்கே பாதகமா முடியும். அதான் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றது, செப்டம்பர்ல தமிழ் ஸ்கூல் தொறக்குதுன்னா மே மாசமே எழுதுங்க.

எனக்கு இப்படி ஒரு உரிமை இருக்குன்னே கடைல யாரும் சொல்லலியே?

சொல்லியிருக்கணும். கான்ட்ராக்ட் படி ஞாயிறு வேலைக்கு கூப்பிடக்கூடிய ஷாப் வொர்க்கருக்கு, அவர் அந்த வேலைல சேந்து 2 மாசத்துக்குள்ள இந்த உரிமையை விளக்குற ஒரு எழுத்துக் குறிப்பை முதலாளி குடுத்தே ஆகணும். குடுக்கலன்னா உங்க நோட்டீஸ் காலம் 3 மாசத்துலேர்ந்து 1 மாசமா குறையும். சேந்தப்ப குடுத்த பேப்பர் கட்டு, ஆன்லைன்ல கையெழுத்து போட்ட கான்ட்ராக்ட், ஸ்டாஃப் ஹேண்ட்புக் எல்லாத்தையும் தேடிப் பாருங்க. பெரிய கம்பெனிங்க பெரும்பாலும் எங்கயாவது ஒரு பக்கத்துல போட்டிருப்பாங்க. சின்ன கடைங்கள்ல இப்படி ஒண்ணு குடுக்கணும்னே முதலாளிக்குத் தெரியாது, அதுக்காக அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, ஒரு மாசம் போதும்னு மட்டும் லெட்டர்லயே மரியாதையா குறிப்பிடுங்க.

கான்ட்ராக்ட்லயே "ஞாயிறு உட்பட"ன்னு போட்டு நான் கையெழுத்து போட்டுட்டேன், அப்புறம் எப்படி மறுக்குறது?

போட்டிருந்தாலும் மறுக்கலாம். நோட்டீஸ் காலம் முடிஞ்சவுடனே கான்ட்ராக்ட்ல ஞாயிறு வரணும்னு சொல்ற பகுதி மட்டும் செல்லாது, மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு: ஞாயிறு மட்டும் வேலை பாக்குறதுக்குன்னே எடுக்கப்பட்டவங்களுக்கு இந்த உரிமை கிடையாது. வாரத்துல அந்த ஒரு நாளுக்குன்னு சேந்த ஸ்டூடண்ட்ஸ் இதுல வருவாங்க. சனி, ஞாயிறு ரெண்டுக்கும்னு சேந்திருந்தா உரிமை உண்டு.

நாங்க இந்து. "ஞாயிறு உங்களுக்கு சாமி நாள் இல்லையே, சர்ச்சுக்குப் போறவங்களுக்குத்தான் இது"ன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. உண்மையா?

உண்மை இல்ல. சட்டத்துல மதம்ங்கிற வார்த்தையே இந்த உரிமைக்கு நிபந்தனையா இல்ல. சர்ச்சுக்குப் போறவங்களுக்கும் உண்டு, கோயிலுக்குப் போறவங்களுக்கும் உண்டு, எங்கயும் போகாம பிள்ளைங்களோட வீட்ல படுத்துத் தூங்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் உண்டு. ஏன்னு கேட்டா "பர்சனல்"னு ஒரு வார்த்தையோட நிறுத்திக்கலாம். இது நம்ம ஆளுங்களுக்கு நல்லா உரைக்கணும்னு நினைக்கிறேன், ஏன்னா மத காரணம் இல்லாததால நமக்கு இது இல்லன்னு அவங்களே முடிவு பண்ணி பேசாம இருந்துடுறாங்க.

அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகணும், அதுக்கும் இதே மாதிரி லெட்டர் குடுக்கலாமா?

குடுக்க முடியாது, இது ஞாயிறுக்கு மட்டும் உள்ள உரிமை. வெள்ளிக்கு வேற ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஃப்ளெக்சிபிள் வொர்க்கிங் ரெக்வெஸ்ட், அதாவது வேலை நேரத்தை மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கேக்குறது. 2024 ஏப்ரல் 6லேர்ந்து வேலைக்குச் சேந்த முதல் நாளே அதைக் கேக்கலாம், ஒரு வருஷத்துல ரெண்டு தடவை, முதலாளி 2 மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். ஆனா இது கேக்குற உரிமைதான், தொழில் காரணம் காட்டி மறுக்க அவங்களுக்கு இடம் இருக்கு. ரெண்டாவது, 2010 ஈக்வாலிட்டி சட்டத்துல மதத்துக்கான பாதுகாப்பு, அது எவ்வளவு தூரம் உதவும்னு கேர் ஹோம் கேள்விக்கு கீழ எழுதியிருக்கேன்.

ஞாயிறு விட்டா அதுக்கு பதிலா வேற நாள் குடுப்பாங்களா? சம்பளம் குறையுமா?

வேற நாள் குடுக்கணும்னு சட்டம் முதலாளிய கட்டாயப்படுத்தல. 39 மணி நேரம் வேலை பாக்குறீங்க, அதுல 8 ஞாயிறுன்னா, லெட்டருக்கு அப்புறம் 31 மணி நேரச் சம்பளத்தோட நிக்கிற நிலைமை வரலாம். இதை மறைச்சு "உரிமை உரிமை"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போறது எனக்குப் பிடிக்கல. மாசக் கடைசில அந்த எட்டு மணி நேரத்தை நம்பி வாடகை கட்டுற வீடுங்க எத்தனையோ இருக்கு. அதனால லெட்டர் குடுக்குறதுக்கு முன்னாடியே சனிக்கிழமையோ வார நாளோ கூடுதல் ஷிஃப்ட் கிடைக்குமான்னு கேட்டு எழுத்துல வாங்கப் பாருங்க. நான் அப்படித்தான் புதன்கிழமை ஒரு ஷிஃப்ட் வாங்கினேன்.

ஸ்கில்டு வொர்க்கர் விசால இருக்குறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சம்பளம் குறைஞ்சா ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேத்த முதலாளி) ஹோம் ஆஃபிஸுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும், விசாவுக்குத் தேவையான சம்பள அளவுக்குக் கீழ போயிடவும் கூடாது. இமிக்ரேஷன் ஆலோசகர்கிட்ட பேசாம லெட்டர் குடுக்காதீங்க.

லெட்டர் குடுத்ததுலேர்ந்து செவ்வாய், வியாழன் ஷிஃப்ட்டையும் வெட்டிட்டாங்க. இது சரியா?

ஞாயிறு மணி நேரம் போறது வேற, அதுக்கு தண்டனையா மத்த நாளை வெட்டுறது வேற. முதல்ல சொன்னது சட்டப்படி நடக்கலாம். ரெண்டாவது, உரிமைய பயன்படுத்தினதுக்காக உங்களுக்குக் கெடுதல் பண்றது, அதுக்கு எதிரா தனிப் பாதுகாப்பு இருக்கு. ப்ரோமோஷன் மறுக்குறது, ட்ரெய்னிங்குக்கு அனுப்பாம விடுறது, எல்லார் முன்னாடியும் திட்டுறது இதெல்லாமும் இதே காரணத்துக்காக நடந்தா இதுல சேரும். ஆனா ஞாயிறு வர்றவங்களுக்கு மட்டும் கூடுதல் பணமோ சலுகையோ குடுத்தா அதை நீங்க கேள்வி கேக்க முடியாது.

ஒவ்வொரு வார ரோட்டாவையும் போட்டோ எடுத்து வைங்க, லெட்டருக்கு முன்னாடி இருந்ததும் வேணும், பின்னாடி வந்ததும் வேணும். முதல்ல எழுத்துல க்ரீவன்ஸ் (கம்பெனிகிட்ட முறையான புகார்) போடுங்க, யூனியன்ல இருந்தா (கடைத் தொழிலாளர்களுக்கு உஸ்டாதான் பெரிய யூனியன்) ரெப்கிட்ட சொல்லுங்க. ட்ரிப்யூனல் (வேலை வழக்கு விசாரிக்கிற நீதிமன்றம்) போறதுக்கு முன்னாடி ஏகாஸ்ங்கிற அரசு சமரச அமைப்புல எர்லி கன்சிலியேஷன், அதாவது சமரசப் பேச்சு, ஆரம்பிச்சாகணும். சம்பவம் நடந்த நாள்லேர்ந்து மூணு மாசத்துக்கு ஒரு நாள் குறைவா இருக்குறதுக்குள்ள இதெல்லாம் நடக்கணும்னு மனசுல வச்சுக்குங்க, க்ரீவன்ஸ் பதிலுக்காக காத்திருந்து நாளை விட்டவங்கள எனக்குத் தெரியும். சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல இலவசமா உக்காந்து கேப்பாங்க.

ஞாயிறு வேலைன்னா டபுள் சம்பளம் குடுக்கணும்னு சட்டம் இருக்காமே?

இல்ல. முன்ன பல கம்பெனிங்க டபுள், ஒன்றரை மடங்குன்னு குடுத்தாங்க, அதுவும் கான்ட்ராக்ட்லேர்ந்து வந்ததுதான், சட்டத்துலேர்ந்து இல்ல. மினிமம் வேஜ் குறையக் கூடாது, அவ்வளவுதான் கட்டாயம்.

தோசைக் கடைல கிச்சன்ல இருக்கேன், எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது. ரெஸ்டாரண்ட், பப், கஃபே, ஆர்டர் பண்ணி உடனே சாப்பிட எடுத்துட்டுப் போற டேக்அவே இதெல்லாம் சட்டத்துல கேட்டரிங்னு தனியா வச்சிருக்காங்க, அதுல வேலை பாக்குறவங்க ஷாப் வொர்க்கர் இல்ல. முடி வெட்டுற சலூன்ல இருக்குறவங்க உள்ள வர்றாங்க. பெட்டிங் ஷாப்ல இருக்குறவங்களுக்கும் தனியா இதே உரிமை உண்டு. கடைக்குள்ளயே ஷெல்ஃப் நிரப்புறவங்களுக்கு உண்டு, ஊருக்கு வெளிய இருக்குற வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்குறவங்களுக்கு இல்ல. அதே மாதிரி சட்டம் "எம்ப்ளாயி"ன்னுதான் சொல்லுது, ஏஜென்சி மூலமா போறவங்க, செல்ஃப் எம்ப்ளாய்ட்னு போட்டு வச்சிருக்குறவங்க பெரும்பாலும் இதுக்கு வெளியதான். ஒரே கடைல பக்கத்துப் பக்கத்துல நின்னு ஒரே வேலை பாக்குற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கு இல்லாமப் போறது எனக்கு நியாயமாத் தெரியல, கேட்டரிங்கை வெளிய வச்சதும் அப்படித்தான்.

நான் கேர் ஹோம்ல கேரர். பெந்தகோஸ்தே சபை. ஞாயிறு ஆராதனைக்குப் போகணும், எனக்கு வழியே இல்லையா?

தானா கிடைக்குற உரிமை இல்ல. ஈக்வாலிட்டி சட்டத்துல மறைமுகப் பாகுபாடுன்னு கேக்கலாம், அப்ப முதலாளி தன்னோட ரோட்டா முறைக்கு நியாயமான காரணம் இருக்குன்னு நிரூபிக்கணும். நம்ம ஆளுங்க நிறைய இருக்குற தெற்கு லண்டன் மெர்ட்டன்லயே இது நடந்திருக்கு. கவுன்சில் நடத்தின குழந்தைகள் இல்லத்துல வேலை பாத்த ஒரு கிறிஸ்தவப் பெண், ஞாயிறு வர முடியாதுன்னு போராடி அப்பீல் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2013ல தோத்துட்டாங்க. குழந்தைகளுக்கு வாரம் ஏழு நாளும் ஆள் வேணும், வேற வழி இல்லன்னு கோர்ட் ஏத்துக்கிச்சு. 2005லயும் மணல் பதப்படுத்துற ஆலைல இருந்த ஒருத்தர் இதே மாதிரி தோத்தாரு.

அதனால சண்டையா ஆரம்பிக்காம, மேல வெள்ளிக்கிழமை கேள்விக்கு சொன்ன ஃப்ளெக்சிபிள் ரெக்வெஸ்ட் போடுங்க. முழு நாள் கேக்காம "காலைல மட்டும் வேணாம், மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து வர்றேன்"னு கேட்டா கிடைக்குற வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை ராத்திரிய எடுத்துக்குற ஒரு கூட வேலை பாக்குறவங்கள முன்கூட்டியே பேசி வச்சு பேரோட எழுதினா இன்னும் நல்லது.

ஸ்டூடண்ட் விசால இருக்கேன், வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலைங்கிற கணக்குல ஞாயிறு எந்த வாரத்துல சேரும்?

திங்கள் டு ஞாயிறுதான் ஒரு வாரம். ஞாயிறு ஷிஃப்ட் முடியப் போற வாரத்தோட கணக்குல விழும். கடையோட சம்பள வாரம் ஞாயிறு டு சனின்னு இருந்தா குழம்பிடும், நீங்களே ஒரு நோட்டுல திங்கள் டு ஞாயிறு எழுதி வைங்க. "ஒருத்தர் லீவு, இந்த ஞாயிறு மட்டும் வா"ன்னு கூப்பிடுறப்பதான் 20 தாண்டும், அன்னிக்கு மறுக்குறதுக்கு எந்த லெட்டரும் வேணாம், விசா தாண்டுதுன்னு சொன்னா போதும்.

எங்க கடை 310 சதுர மீட்டர் வரும். ஞாயிறு மட்டும் பின்னாடி ரெண்டு வரிசைய கயிறு கட்டி மூடிட்டா சின்ன கடை ஆயிடும்ல?

ஆகாது. கணக்குல வராத இடம்னா, அந்த ஞாயிறோட முடியுற வாரம் முழுக்க விக்கிறதுக்கோ சாமானை காட்டி வைக்கிறதுக்கோ பயன்படுத்தாத இடமா இருக்கணும். சனிக்கிழமை வரைக்கும் அரிசி மூட்டை அடுக்கி வித்துட்டு ஞாயிறு மட்டும் கயிறு கட்டினா செல்லாது. குடோன், ஸ்டாஃப் ரூம், ஆஃபிஸ் எல்லாம் எப்பவுமே கணக்குல வராது, அதனால மொத்தக் கட்டடத்தை அளந்து பயந்துடாதீங்க, வியாபாரம் நடக்குற இடத்தை மட்டும் அளங்க. அந்தப் பின் வரிசைய நிரந்தரமா தடுத்து குடோனா ஆக்கிட்டா சரியா வரும். பாக்குறது கவுன்சில். ஃபைன் முன்ன 50,000 பவுண்ட் வரைன்னு இருந்துச்சு, 2015க்கு அப்புறம் அந்த உச்சவரம்பும் எடுத்தாச்சு.

எங்கட மகனுக்கு 15 வயசு. ஞாயிறுகளில கடையில நிக்கலாமோ?

நம்ம சொந்தக் கடையா இருந்தாலும் பிள்ளைங்களுக்கான சட்டம் பொருந்தும். பள்ளி வயசுப் பிள்ளை ஞாயிறு 2 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்கக் கூடாது, காலை 7க்கு முன்னாடியும் சாயங்காலம் 7க்கு அப்புறமும் கூடாது, பெரும்பாலான கவுன்சில்ல பர்மிட்டும் எடுக்கணும்.

ஸ்காட்லாந்துல அண்ணன் இருக்காரு, அங்க ஞாயிறு ராத்திரி வரைக்கும் சூப்பர்மார்க்கெட் இருக்காமே?

ஆமா, ஸ்காட்லாந்துல இந்த நேரத் தடை கிடையாது. ஞாயிறு மறுக்குற உரிமை கூட அங்க ரொம்ப நாள் இல்லாம இருந்து 2003ல சட்டம் போட்டு 2004லேர்ந்துதான் வந்துச்சு. வடக்கு அயர்லாந்துல பெரிய கடை மதியம் 1 டு 6 மட்டும்தான்.

இந்தத் தடைய எடுக்கப் போறாங்கன்னு அடிக்கடி சொல்றாங்களே, எடுத்துடுவாங்களா?

இந்தப் பேச்சு எங்க வீட்டுப் பெரியவங்க இந்த ஊருக்கு வந்த காலத்துலேர்ந்தே இருக்கு. 1994க்கு முன்னாடி 1950 சட்டம் இருந்துச்சு, அதுல எதை விக்கலாம் எதை விக்கக் கூடாதுன்னு ஒரு விசித்திரமான பட்டியல். ஞாயிறு அன்னிக்கு சாப்பாடு விக்கலாம், ஆனா மீன் வறுவல் கடைல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் விக்கக் கூடாது. 1986ல பிரதமர் தாட்சரோட அரசாங்கம் மொத்தத் தடையையும் எடுக்க மசோதா கொண்டு வந்துச்சு, சர்ச்சும் உஸ்டா யூனியனும் ஒரே பக்கம் நின்னாங்க, அவங்க கட்சி ஆளுங்களே எதிர்த்து ஓட்டுப் போட்டு 296க்கு 282ன்னு தோக்கடிச்சாங்க. அப்புறம் வீட்டுச் சாமான் விக்கிற பெரிய கடைங்க சட்டத்தை மீறித் தொறந்து, கவுன்சில் கேஸ் போட்டு, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசில 1994ல இந்த ஆறு மணி நேர சமரசம். முதலாளிக்கு ஆறு மணி நேரம், தொழிலாளிக்கு மறுக்குற உரிமை, ரெண்டும் ஒரே கையெழுத்துல வந்தது. அதனாலதான் நம்ம உரிமைய யாரோ போட்ட பிச்சைன்னு நினைக்காதீங்கன்னு சொல்றேன்.

2012 ஒலிம்பிக்ஸ் சமயம் ஜூலை 22லேர்ந்து செப்டம்பர் 9 வரைக்கும் எட்டு ஞாயிறு தடைய நிறுத்தி வச்சாங்க. 2016ல நேரத்தை நீட்டிக்கிற முடிவ கவுன்சிலுங்க கைல குடுக்கப் பாத்தாங்க, மார்ச் 9 அன்னிக்கு 317க்கு 286ன்னு பார்லிமெண்ட்ல தோத்துச்சு. தங்க ஊர்ல தடையே இல்லாத ஸ்காட்லாந்து எம்பிக்கள் கூட எதிர்த்துதான் போட்டாங்க, இங்க மாத்தினா அங்க இருக்குற தொழிலாளிங்களோட ஞாயிறு கூடுதல் சம்பளம் அடிபடும்னு.

நோட்டீஸ் ஒரு மாசம் போதும்னு நெட்ல படிச்சேன், நீங்க மூணு மாசம்ங்கறீங்க?

அந்த 2016 சமாச்சாரத்தோட மிச்சம் அது. நேரத்தை நீட்டிச்சா பதிலுக்கு பெரிய கடைத் தொழிலாளிக்கு நோட்டீஸை 1 மாசமா குறைக்கலாம்னு அந்த வருஷ எண்டர்பிரைஸ் சட்டத்துல எழுதினாங்க. நீட்டிப்பு தோத்தப்புறம் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரவே இல்ல. அதனால 3 மாசம்தான், முதலாளி விளக்கக் குறிப்பு குடுக்காத கேஸ்ல மட்டும் 1 மாசம், அதை மேலேயே சொல்லிட்டேன்.

1990லேர்ந்து ஒரே கடைல இருக்காரு எங்க மாமா. அவரும் லெட்டர் குடுக்கணுமா?

1994 ஆகஸ்ட் 26க்கு முன்னாடிலேர்ந்து விடாம அதே முதலாளிகிட்ட ஷாப் வொர்க்கரா இருக்குறவங்க லெட்டர் இல்லாமலே பாதுகாக்கப்பட்டவங்க, ஞாயிறுக்குன்னு மட்டும் சேந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனா நடுவுல எப்பவாவது ஞாயிறு வர்றேன்னு எழுதிக் குடுத்திருந்தா அது போயிடும், பழைய பேப்பரைப் பாக்கச் சொல்லுங்க.

லெட்டர் குடுத்தாச்சு, இப்ப பணம் தேவைப்படுது. திரும்ப ஞாயிறு போகலாமா?

போகலாம். ஞாயிறு வேலை பாக்கச் சம்மதம்னு இதே மாதிரி எழுதி, கையெழுத்து, தேதி போட்டு குடுத்துட்டு, அப்புறம் எந்த ஞாயிறு, எத்தனை மணி நேரம்னு முதலாளியோட தெளிவா ஒப்புக்கணும். பின்னால வேணாம்னு தோணினா மறுபடி ஆட்சேப லெட்டர் குடுக்கலாம், ஆனா மூணு மாசம் மறுபடி முதல்லேர்ந்து ஓடும். அதனால டிசம்பர் மாசச் செலவுக்காக நாலே நாலு ஞாயிறு போகணும்னு நினைக்கிறவங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, ஜனவரில உங்களுக்கு எத்தனை ஞாயிறு வேணும்னு பிள்ளைங்களையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.